ஆராயிக்குச் சொன்ன சாரி

சாரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் திருவண்ணாமலையில் அதற்குத்தான் எத்தனை வேலை! பஸ்ஸில் காலை மிதித்தால் சாரி. தள்ளி நில் என்பதற்கும் சாரி. ரூம் இல்லை, நடையைக் கட்டு என்பதற்கும் சாரி. முன்பெல்லாம் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதற்குக் குனியவாவது வேண்டும். இதற்கு வாயைத் திறந்தால் போதும்.

ஆராயி, மலைக்குப் பின்னால் இருக்கிற அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. புருஷன் செத்தபின் மகள் கவியாவை வளர்க்க, கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் பெருக்கித் துடைக்க வந்தாள். அங்கே தண்ணீர் மோட்டார் போடுகிறவன் நான். ஒன்பது வருடமாக, கட்டிலுக்கு அடியில் மோதிரம் கிடந்தாலும் சீப்பு கிடந்தாலும் மேனேஜர் அப்பாதுரையின் மேஜைக்குக் கொண்டுபோய் வைத்தவள். அந்த நல்ல பேர் ஒன்றுதான் அவளுக்குச் சொத்து.

1998 சித்திரா பௌர்ணமிக்கு வந்து தங்கிய ஒருவர் கைக்கடிகாரத்தைக் காணோம் என்றார். அப்பாதுரை விசாரிக்கவே இல்லை. ஆராயியின் பையை வாசலில் கொட்டினார். ஒன்றும் இல்லை. அப்படியும் விடவில்லை, பாவி. தெருவே வேடிக்கை பார்க்க, மலையைப் பார்த்து அவளை நிற்கவைத்து, கற்பூரத்தை ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். எரிகிற கற்பூரத்தின் மேல் அவள் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கை கொப்பளித்துப்போனது. கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள்.

நாலாம் நாள் கடிகாரம் கிடைத்தது. எங்கே? அப்பாதுரையின் மேஜை டிராயரில். ரூமைப் பார்க்கப் போன அப்பாதுரை தானே எடுத்துவந்து வைத்துவிட்டு மறந்திருக்கிறார். ஆராயியைக் கூப்பிட்டு, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சாரிம்மா என்றார். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"எல்லார் எதிர்லயும்தானே திருடினேன்னு சொன்னீங்க? அதே வாசல்ல நின்னு, எடுக்கலன்னு சொல்லுங்க."

"அதான் சாரி சொல்லிட்டேன்ல? இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

ஆராயி துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு ஊருக்குள் எந்த வீட்டிலும் அவளுக்கு வேலை நிலைக்கவில்லை. வயல் வேலைக்குப் போனாள். அப்பாதுரையை நான் வாய் வலிக்கத் திட்டினேன், மனசுக்குள்.

2004இல் கவியா பிளஸ் டூ முடித்தாள். சகாதேவனின் ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று நான்தான் கூட்டிப்போனேன். யார் பெண் என்று கேட்டதும் சகாதேவனின் முகம் மாறிவிட்டது. ஆராயி கற்பூரம் அணைத்த அன்று கூட்டத்தில் அவரும் இருந்தாராம். கடைக்குச் சரிப்படாது என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடிகாரம் டிராயரில் கிடைத்ததையும் அப்பாதுரை சொன்ன சாரியையும் கடையே கேட்கும்படி கொட்டித் தீர்த்தேன்.

சகாதேவன் பொறுமையாகக் கேட்டார்.

"இத்தினி வருஷம் ஏம்பா சொல்லல?"

வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? கவியா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.