பதிவறை எழுத்தருக்கு ஓர் இருக்கை

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகம் புதிய கட்டடத்துக்கு மாறவிருந்தது. எந்தக் கோப்பு எந்த வண்டியில் போக வேண்டும், யார் எதற்குப் பொறுப்பு என்றெல்லாம் திட்டமிட ஊழியர்களுக்கு மூன்று நாள் வகுப்பெடுக்க என்னை அனுப்பினார்கள். மனைவி இறந்தபின் வீட்டில் இருப்பதைவிட இப்படி ஊர் ஊராகப் போவது எனக்குச் சுலபமாக இருந்தது. இந்த முறை மாமல்லபுரத்தில் அறை. சுற்றுலாக்காரர்கள் வராத மாதம். விடுதி மாடியில் நான் மட்டும்தான். காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் எனக்காக ஒரே ஒரு மின்விசிறியைப் போடுவார்கள்.

முதல் நாள், அவரவர் பொறுப்பில் இருப்பதைப் பட்டியலிடச் சொன்னேன். பலர் அரைப்பக்கம் எழுதினார்கள். கடைசி வரிசையில் இருந்த பதிவறை எழுத்தர் மட்டும் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. ஒவ்வொரு ரேக்குக்கும், அதிலிருந்த ஒவ்வொரு கோப்புக் கட்டுக்கும் எண் போட்டிருந்தார்.

இரண்டாம் நாள் புதிய கட்டடத்தின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, மேசைக்கு ஒன்றாகக் காகிதத் துண்டுகளைக் குத்தினோம். ஜன்னலோரத்துக்குப் பெரிய சண்டை. ஒருவழியாக எல்லோரும் சமாதானமானதும், ஏதாவது விட்டுப்போயிற்றா என்று கேட்டேன். அந்த அம்மா எழுந்தார்.

"பீரோ எங்க போவுதுன்னு எழுதிட்டீங்க, வாட்டர் கேன் எங்க போவுதுன்னு எழுதிட்டீங்க. நான் எங்க குந்துறது சார்?"

கண்காணிப்பாளர் திரும்பாமலே, "உனக்கு இன்னாம்மா, எப்பவும்போல ரெக்கார்டு ரூம்தான். கீழ கீது" என்றார்.

"பதினோரு வருஷமா தனியா குந்திகினு கீறேன் சார். கட்டு கேட்டு யாராச்சும் வந்தாதான் பேச்சு. புது ஆபீஸ்லயும் அப்படியேவா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அப்புறம் பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு இடைவேளை விட்டேன்.

மாலை பேருந்தில் அவர் என் முன் இருக்கையில் இருந்தார். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி சதுரங்கப்பட்டினத்துக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டுமாம். கணவர் இறந்ததும் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று என்றார்.

"உங்க வூட்ல யாரு சார் கீறாங்க?"

"யாரும் இல்லம்மா."

அவர் இறங்கும்போது, "நேரத்துக்குத் துண்ணுங்க சார்" என்றார்.

விடுதியில் சாவியை வாங்கிக்கொண்டு, வரவேற்பில் இருந்தவர் ஏதாவது பேசுவாரா என்று ஒரு நிமிடம் நின்றேன். அவர் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சீக்கிரமே போய், ஒரு காகிதத் துண்டை மாடியில் தபால் பிரிவுக்குப் பக்கத்தில் குத்தினேன். கோப்பு வேண்டியவர் அங்கேயே சீட்டுக் கொடுத்தால் அந்த அம்மா கீழே போய் எடுத்து வரலாம் என்று கண்காணிப்பாளரிடம் விளக்கினேன்.

"நீங்க கிளாஸ் எடுக்க வந்தவர் சார்" என்றார்.

"என் அறிக்கையிலும் இதை எழுதப்போறேன் சார்."

சற்று யோசித்தவர் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை அலுவலகம் மாறியது. நான் போக வேண்டிய அவசியமில்லை, போனேன். மினி லாரிகள் நண்பகல்வரை ஓடின. நீள நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா ஒவ்வொரு கட்டாகச் சரிபார்த்து இறக்கினார். ஒன்றுகூடத் தவறவில்லை. மாடிக்குப் போனால், அவருடைய மேசைமேல் ஜெராக்ஸ் மெஷினை வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"இது கீழ போவட்டும். மிசினுக்கு இன்னா, பேச்சுத் தொணையா வேணும்?"

தபால் பிரிவுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களில் இருவர் எழுந்துவந்து அவரோடு சேர்ந்து மெஷினைத் தூக்கினார்கள்.

மதியம் பிரியாணிப் பொட்டலங்கள் வந்தன. மேசைகளைச் சேர்த்துப்போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். "வாங்க சார், ஒண்ணு எக்ஸ்ட்ரா கீது" என்று அந்த அம்மா கூப்பிட்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பேருந்து நிலையத்தில் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, பலகையில் உட்கார்ந்திருந்தேன்.