ஹெராக்ளீஸ் மகளுக்கு ஒரு அங்கி

ஆள் நேரில் நின்றாலே அளவு தப்புகிற தொழில் தையல். பர் துபாயில் பாதித் துணியை ஆளைப் பார்க்காமலே தைக்கிறோம். மிஷின் மிதிக்கிறவர்களே, இந்தத் தலைவலி உங்களுக்கும் தெரியும்.

இடுப்பு உயரம்

வெள்ளிக்கிழமை செல்வராசு வந்தான். பெரம்பலூர்க்காரன், ஷார்ஜாவில் வெல்டர். மகள் பள்ளிக்கூட நாடகத்தில் நடிக்கிறாள். கணுக்கால் வரை வெள்ளை அங்கி வேண்டும். ரூம்காரர் ஒருவர் புதன்கிழமை ஊருக்குக் கொண்டுபோவார். “அளவு?” என்றேன். இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினான். எப்போது பார்த்த உயரம் என்றேன். ஆறு வருஷமாம். எனக்கு வேறு வேலை இல்லையா? வீட்டுக்குப் போன் போடு என்றேன்.

“தினம் வீடியோல பார்க்கிறேன் அண்ணே, அப்படியேதான் இருக்கா. லீவு கிடைக்கல. நான் நிக்காட்டியும் நான் அனுப்புன துணியாச்சும் அங்க நிக்கணும்.”

பயில்வான் குடும்பம்

கதை தெரிந்தால்தான் வெட்ட முடியும். சொன்னான். கிரேக்க நாட்டில் ஹெராக்ளீஸ் என்று ஒரு பயில்வான். ராஜா ஏவிய பன்னிரண்டு வேலைகளை ஊர் ஊராக அலைந்து முடிக்கிறான். அவன் செத்ததும் அதே ராஜா பிள்ளைகளைத் துரத்துகிறான். எந்த ஊரும் இடம் தரவில்லை. கடைசியில் ஓர் ஊர் தருகிறது. ஆனால் போரில் ஜெயிக்க சாமி ஒரு பெண்ணைப் பலி கேட்கிறது. நான் சாகிறேன், தம்பிகள் பிழைக்கட்டும் என்கிறாள் பயில்வான் மகள். செல்வராசு மகளுக்கு அந்த வேஷம்.

இஸ்திரி போடும் மாரிமுத்து பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “அப்போ விசா குடுத்த கஃபீல் மாதிரி அந்த ராஜா. சரி, பயில்வானுக்கு லீவு குடுத்தானா?”

நாற்பத்தெட்டு இஞ்ச்

ஒருவழியாகப் போன் போட்டான். தோளிலிருந்து கணுக்கால் வரை நாற்பத்தெட்டு என்றாள் மனைவி. “அது உன் அளவுடி, பாப்பா அளவைச் சொல்லு” என்று அதட்டினான். “என் அளவுதாம்ப்பா” என்று மகள் சிரித்தது எனக்கே கேட்டது.

தரையிலிருந்து அளவு நாடாவை அவன் மேல் பிடித்துக் காட்டினேன். அவள் தோள் அவன் நெஞ்சுக்கு வந்தது. அதற்கு மேலே தலை வேறு. மூக்குக்கு நேரே உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“இனிமே தூக்க முடியாதுல்ல அண்ணே?”

முதுகு

பத்து நாள் கழித்து நாடகத்தைப் போனில் கொண்டுவந்தான். பிள்ளைகள் அடைக்கலம் கேட்டுக் கையில் கிளையோடு கோயிலைப் பார்த்து நிற்கிறார்கள். நமக்கு முதுகுதான் தெரிகிறது. மற்றவர்கள் மேல் வேட்டி சுற்றியிருந்தது. ஒன்றுதான் தைத்த அங்கி. பொருந்தியதா என்று கேட்டேன்.

“பொருந்துச்சு அண்ணே. போன்ல முகத்தைத்தானே பார்த்திருக்கேன், முதுகு அடையாளம் தெரியல. உங்க அங்கிய வச்சுத்தான் எம் பிள்ளையக் கண்டுபிடிச்சேன்.”

அதற்குமேல் அன்று எனக்குக் கத்தரிக்கோல் ஓடவில்லை. பழியை அந்தக் கிரேக்கப் பயில்வான் மேல் போட்டுவிட்டுச் சீக்கிரமே கடையைச் சாத்தினேன்.