மூன்றாம் காட்சிப் பிணம்

மூன்றாம் காட்சிக்கு மணி அடிக்கும் முன்பே படுத்துவிடுவார். கண்ணாடியைக் கழற்றித் திரைக்குப் பின்னால் தன் செருப்பின்மேல் வைப்பார். உள்ளங்கையால் மேடைப் பலகையைத் தடவி, ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மல்லாந்து, வாயை அரை விரற்கடை திறந்து, செத்துப்போவார்.

எங்கள் நாடக மன்றத்துக்கு வயது நாற்பது. நாடகம் எழுதுகிறவருக்கு மூன்றாம் காட்சியில் யாராவது செத்தே ஆகவேண்டும். அப்பாவோ, அண்ணனோ, முதலாளியோ, பிணம் இவர்தான். பகலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். மன்றத்தில் அவர் பெயர் பொணத்தண்ணன். அப்படிக் கூப்பிட்டால் கோபமே வராது. "உசுரோடதான் இருக்கேன், சொல்லு" என்பார்.

நான் கதாநாயகன். இருபத்தாறு வருடமாக அவர்மேல் விழுந்து புரண்டு அழுகிறவன். சொல்லிவிடுகிறேன், எனக்கு அவரைக் கண்டால் வயிறு பற்றி எரிகிறது. தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்குப் போனால் மனைவி கேட்கிறாள்: "மூக்கு மேல ஈ உக்காந்துச்சே, மனுசன் அசையலியே! எப்படிங்க?" என் அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை? மூச்!

அவரிடமே ஒருநாள் கேட்டேன்.

"நீ கத்துறப்பதான்பா நான் மூச்சு விடுவேன். அப்ப எல்லாரும் உன்னையில்ல பாப்பாங்க! அதுக்காகவே உன் வசனம் பூரா மனப்பாடம். நீ எங்க கத்துவேன்னு தெரியலன்னா நெசமாவே போய்ச் சேந்துருவேன்."

வந்த வினை அதுதான். ஏழு முறை மேடையில் எனக்கு வசனம் மறந்திருக்கிறது. ஏழு முறையும் உதடு அசையாமல் அந்தப் பிணம் எடுத்துக் கொடுத்தது. மார்பில் முகம் புதைத்து அழுவதுபோல் குனிந்து வாங்கிக்கொண்டேன். கைதட்டல் எனக்கு. இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். யாரிடமாவது சொல்லித் தொலைத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதையும் செய்யமாட்டேன் என்கிறார்.

நாற்பதாம் ஆண்டு மலருக்கு மன்றத்தின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அவருக்கு ஒன்றரை வரி. எனக்கு ஒன்றரைப் பக்கம். அதில் ஓரிடத்தில், 'இருபத்தாறு ஆண்டுகளில் நாயகன் ஒரு வசனத்தையும் மறந்ததில்லை' என்று எழுதினேன். மலர் அச்சாவது அவருடைய அச்சகத்தில் என்பதை மறந்துவிட்டேன்.

நேற்று அங்கே போனேன். மேசைமேல் என் பக்கங்கள், அவர் கையில் சிவப்புப் பேனா. ஒரு தப்பையும் விடாத கை என்று முதலாளியே ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிற கை. தன்னைப் பற்றிய ஒன்றரை வரியைப் படித்தார். "நல்லாத்தான்பா எழுதிருக்கே" என்றார். அடுத்து என் பக்கம். பேனா அந்த வரியின்மேல் வந்து நின்றது.

கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடி, வாயை அரை விரற்கடை திறந்தார். நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அப்படியே பக்கத்தைத் திருப்பினார்.