முக்காடு போட்டுக்கொண்டு ஒரு சண்டை

எண்பதுகளின் கடைசியில், டைபாய்டு முற்றி என் மகள் ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் தேவதானத்துக்காரர் ஒருவர் ஈரல் கெட்டுப் படுத்திருந்தார். அவருடைய மனைவியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒல்லியான உடம்பு, மில் பஞ்சில் கரகரத்துப்போன குரல். முந்தானையைப் பயபக்தியோடு தலையில் போட்டுக்கொண்டு ஆண்டவரிடம் சண்டைக்கு நிற்பார்.

"எம்புட்டு நேரமா கூப்பிடுதேன், காதுல விழலையா? செத்த இங்கிட்டுத் திரும்பிப் பாருமய்யா!"

நான் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்ற இருபத்துமூன்றாம் சங்கீதத்தையே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அழுதால் அவிசுவாசமாகிவிடும் என்று பயம்.

"ஆண்டவரை இப்படிப் பேசலாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தாவீது ராசா பேசலியா டீச்சரம்மா? சங்கீதத்துல பாதி சண்டைதான. நீங்க நல்ல பக்கத்த மட்டும் வாசிக்கிய. அவருகிட்ட கோவப்படாம வேற யாருட்ட போய்க் கோவப்பட?"

மறுநாள் மதியம் அவருடைய கணவர் இறந்துபோனார். ஸ்ட்ரெச்சரின் பின்னால் அழுதுகொண்டே வாசல்வரை போனவர், திரும்பி என் மகளின் கட்டிலுக்கு வந்தார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டார்.

"நான் கேட்டதத்தான் குடுக்கல. இந்தப் புள்ளையவாவது எழுப்பி விடும். டீச்சரம்மாவுக்குச் சண்டை போடத் தெரியாது."

மகள் பிழைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சபையில், ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எழுந்து நின்றேன். நன்றி என்ற சொல்லுக்கு முன்னால், "அந்த அம்மாவுக்கு ஏன் இரங்கவில்லை, ஆண்டவரே?" என்ற கேள்விதான் வந்து நின்றது. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, அதைக் கேட்டேன்.