கேட்டவனுக்கெல்லாம் கொடுத்த அடையாள அட்டை

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கத் தொடங்கி, இன்று வெள்ளவத்தையில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறேன். என்னை ஏமாற்ற ஒருவன் இனித்தான் பிறக்கவேண்டும் என்று சொல்லித் திரிந்தவன்.

யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுக்கென்று அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்துக் கொடுத்தே பழகிவிட்டோம். அதனால், போன வருடம் ஒருவன் கோப்போடு வந்து, "குடியிருப்பாளர் பதிவு, ஐயா" என்றதும் எடுத்து நீட்டினேன்.

"ஆரெண்டு கேட்டுப்போட்டுக் குடுங்கோவன்," என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. அட்டை இல்லாமல் பிடிபட்டு உள்ளுக்குப் போனவங்களை நான் கண்டனான்."

சில மாதங்களில் பொலிஸ் என்னைக் கூப்பிட்டது. நான் கொடுத்த பிரதியை வைத்து யாரோ என் பெயரில் சிம் எடுத்து, என் அட்டையின் படத்தையும் அனுப்பி, மகனுக்கு வெளிநாட்டு வேலை என்று கொட்டாஞ்சேனைப் பெண் ஒருத்தியின் தாலிக்கொடியையே விற்க வைத்திருந்தார்கள்.

ஸ்டேஷனில் அவள் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டாள். "இவர் இல்லை, சேர். குரல் வேற," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆனா அட்டையில உங்கட முகத்தைப் பாத்துத்தானே ஐயா நம்பினனான். வயசான மனுசன் ஏமாத்தமாட்டார் எண்டு."

என்னை அப்போதே விட்டுவிட்டார்கள். இப்போது பிரதி கொடுத்தால், யாருக்கு, எதற்கு என்று குறுக்கே எழுதித்தான் கொடுக்கிறேன். அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.