மங்கில் ஊற்றிய ரசம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஈப்போ புந்தோங்கில் நானும் மனைவியும் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் நடந்தது இது. லகாட் பக்கம் நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தை வீடு கட்டுவதற்காக அழித்துக்கொண்டிருந்தார்கள். பால்மரத்தில் கட்டும் பீங்கான் கிண்ணங்கள், எங்கள் பேச்சில் மங்கு, மண்ணோடு குவிந்து கிடந்தன. மனசு கேட்கவில்லை. ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்து, தேய்த்துக் கொதிக்கவைத்து, மதியச் சாப்பாட்டுக்கு ரசத்தை அதில் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

கூட்டம் வந்தது. படம் எடுத்தார்கள், தோட்டத்துக் கதை கேட்டார்கள். சின்ன வயதிலேயே தோட்டத்தை விட்டு வந்தவன் நான். ஆனாலும் காலமெல்லாம் மரம் சீவிப் பால் எடுத்தவன் மாதிரி அளந்து விட்டேன்.

அப்போது என் மருமகள் மாசமாக இருந்தாள். மசக்கையில் சோற்று வாடையே ஆகவில்லை, புளி ரசம் மட்டும்தான் உள்ளே இறங்கியது. தினமும் நல்ல மங்காகப் பார்த்து, சுடச்சுட நானே ஊற்றிக் கொடுப்பேன். சிரித்தபடி வாங்கிக்கொண்டு, கடைக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்விடுவாள்.

சனிக்கிழமைகளில் ஒரு பெண் சாப்பிட வருவாள். ஒருநாள் ரசத்தைத் தொடாமல், மங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"அண்ணே, இது பால் பிடிக்கச் செஞ்சதுலா. சாப்பாட்டுக்குன்னு யாரும் சோதிச்சிருக்க மாட்டாங்க. மேல இருக்கிற பூச்சுல ஈயம் இருந்தா, சூட்டுக்கும் புளிக்கும் எறங்கிரும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஈப்போவே ஈயத்தில் வளர்ந்த ஊர், ஈயச் சொம்பில் ரசம் வைக்காத ஆளா நாம் என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. அது வெள்ளீயம், தான் சொல்வது காரீயம், நஞ்சு என்றாள். பல்கலைக்கழகத்தில் பீங்கான் ஆராய்ச்சி செய்கிறாளாம். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் கெடுதல் அதிகம், அதிலும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்று சொல்லிக்கொண்டே போனாள். அதற்கு மேல் என் காதில் எதுவும் விழவில்லை.

சில மங்குகளை அவளே சோதனைக்கு எடுத்துப் போனாள். எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால், பூச்சில் உள்ள ஒவ்வொரு உலோகமும் தன் அடையாளத்தைக் காட்டிவிடுமாம். பிறகு வினிகர் ஊற்றி ஒருநாள் வைத்து, அதில் என்ன இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்களாம். மீதி மங்குகளைச் சாக்கில் கட்டினேன். மனைவி கேட்டதற்கு, விரிசல் விட்டுவிட்டது என்று பொய் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். கைப்பேசி அடித்தால் அந்தப் பெண்தானோ என்று ஓடிப்போய் எடுப்பேன். மருமகள் படியிறங்கி வந்தால் அவள் வயிற்றைப் பார்ப்பேன், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். என் பேரப்பிள்ளைக்கு என் கையாலேயே விஷம் ஊற்றினேனா என்ற ஒரே நினைப்புத்தான்.

கடைசியில் அந்த ஆராய்ச்சிப் பெண்ணே நேரில் வந்தாள். சில மங்குகளில் ஒன்றும் இல்லை. சிலவற்றில் காரீயம் இருக்கிறது, வினிகரிலும் இறங்கியிருக்கிறது. கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாதாம். வீட்டில் யாராவது தினமும் குடித்திருந்தால் ரத்தம் பார்த்துவிடச் சொன்னாள்.

கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். மருமகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தலையைக் குனிந்தபடி சொன்னாள்:

"மாமா, கோவிச்சிக்காதீங்க. நான் ஒருநாளும் அதுல குடிச்சதில்ல. மேல வந்ததும் சிங்க்குல ஊத்திட்டு, அத்தை எனக்குன்னு சட்டியில எடுத்து வைக்கிற ரசத்தைத்தான் குடிப்பேன். எங்கம்மா மரம் சீவுனவங்க. லீவுல நானும் மங்கு தொடைக்கப் போயிருக்கேன். அதப் பாத்தாலே, அடியில காஞ்சு ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால் நாத்தம்தான் வருது. நீங்க ஆசையா ஊத்திக் குடுத்தீங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது?"

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இருந்தாலும் மருமகளுக்கு ரத்தம் பார்த்தோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்த மங்கில் குடித்த வாடிக்கையாளர்களிடமும் ஆள் ஆளாகச் சொன்னேன். சிலர் ஏசினார்கள், வாங்கிக்கொண்டேன்.

இப்போது பேத்தி கடைக்குள் ஓடி விளையாடுகிறாள். மங்கில் வேலை செய்த யாரும் அதில் வாய் வைத்ததில்லை, வேலை செய்யாத நான்தான் அதில் ரசம் ஊற்றினேன் என்பது, அவளுக்கு எவர்சில்வர் டம்ளரில் ரசம் ஆற்றிக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு உறைக்கிறது.