மணிமங்கலத்து டீமின் சம்பளக் கணக்கு

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும். மண்ணூர் கிரிக்கெட் டீமுக்கு அவர்தான் கேப்டன். மேட்ச் நெருங்க நெருங்க இன்னும் வேகமாக ஆடும். மணிமங்கலத்தோடு மோதவேண்டிய அந்த வாரம் அவர் உட்காரவே இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"அவனுங்க ஒரு மேட்சுக்கு ஆளுங்களுக்கே ஒம்பதாயிரம் எறக்குறானுங்க. நாம நாலாயிரத்து ஐந்நூறு. டபுள்டி! நம்ம பவுலரையும் கூப்ட்டுகினு கீறானுங்க."

பவுலர் என்றது சிவகங்கைப் பக்கத்து இளைஞனை. எங்கள் தெருவில் வாடகை அறை, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. அவன் வந்த பிறகுதான் எங்கள் ஊர் ஜெயிக்கவே கற்றுக்கொண்டது. அவன் போய்விடுவானோ என்ற பயத்தில் இவர் கண் என் கழுத்துச் செயினில் வந்து நின்றது. அதை அடகு வைத்து அவனுக்கு இன்னும் அதிகமாகக் கொடுக்கவேண்டுமாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு போடுகிறவள். இரண்டு பிளான்ட்டின் சம்பளச் செலவை ஒப்பிடச் சொன்னதற்கு யாராவது மொத்தத்தை மட்டும் நீட்டினால் எங்கள் மேனேஜர் கிழித்துத் தொங்கவிடுவார்.

"டபுள்னா ஆச்சா? அங்க காசு வாங்கினு ஆடறவங்க எத்தினி பேரு?"

விரல் விட்டு எண்ணினார். அங்கே ஆறு பேர், எங்களிடம் மூன்று பேர். மற்றவர்கள் ஊர்க்காரர்கள், சும்மா ஆடுகிறவர்கள். தலைக்கு வகுத்தால் இரண்டு பக்கமும் ஆயிரத்து ஐந்நூறுதான்.

"அட, ஒண்ணுதான்!" என்று சிரித்தார். செயின் தப்பியது. ஆனால் குழம்பு கொதிப்பதற்குள் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணுன்னா அவன் ஏன் யோசிக்கிறேன்றான்?"

அது எனக்கும் உறுத்தியது. மொத்தச் சம்பளம் வேறு, பிடித்தம் போகக் கையில் வருவது வேறு. இவனுக்கு என்ன பிடித்தம்? கரண்டியும் கையுமாக நின்று யோசித்தேன். அவனுக்கு வார லீவு புதன்கிழமை. ஞாயிறு மேட்சுக்கு வந்தால் அன்றைய கூலி அறுநூறு போகும். மாதத்தில் ஒரு நாள் வராவிட்டாலும் அட்டெண்டன்ஸ் போனஸ் முழுசாகப் போகும். அது ஆயிரத்து இருநூறு. மாதம் ஒரு மேட்ச் ஆடினால் ஆயிரத்து எண்ணூறு காலி, நாங்கள் கொடுப்பதோ ஆயிரத்து ஐந்நூறு. மணிமங்கலத்து டீமை நடத்துகிறவரோ அவனுடைய சூப்பர்வைசர். லீவை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார், அங்கே வாங்குவது அப்படியே கையில் நிற்கும்.

"ஏங்க, நாம அவனுக்குக் குடுக்கல. அவன்தான் மாசா மாசம் முந்நூறு ரூபா கைக்காசு போட்டு நமக்கு ஆடிகினு கீறான்."

சட்டையைக்கூட மாற்றாமல் அவன் அறைக்குப் போனார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். தண்ணீர் கொடுத்தேன்.

"கேட்டேன். 'தெரியும்ணே. நீங்க கூப்பிட்டீக, எப்படி வரமாட்டேன்னு சொல்றது'ன்றான்." சொம்பைக் கீழே வைத்தார். "மணிமங்கலத்துக்கே ஆடுடான்னு சொல்ட்டு வந்துட்டேன்."

 செயினைக் கழற்றிக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது, ஒரு நிமிடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை இவர் மட்டையோடு நின்றார். எதிரே பந்தோடு ஓடி வந்தது அவன். நடு ஸ்டம்ப் பிய்த்துக்கொண்டு போனது. மணிமங்கலத்துக்காரர்கள் குதித்தார்கள், அவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இவர் நேராக அவனிடம் போய் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னா பந்துடி அது!" என்றார்.